எக்கினேசியா: ப்ரெய்ரி பூவைப் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

அமெரிக்காவுல இருக்குற தமிழ்க்காரங்க வீட்டுல சளி, இருமல்னு வந்தாலே யாராவது ஒருத்தர் "எக்கினேசியா வாங்கிக் குடிங்க"ன்னு சொல்லிடுவாங்க. கடையில மாத்திரை, டீ, சொட்டு மருந்துன்னு அலமாரி முழுக்க இருக்கு, ஆனா அது என்ன செடி, எந்த மண்ணுல வளருது, யாரு அதை முதல்ல மருந்தா கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது. நான் கான்சாஸ் பக்கம் இருக்கேன், இந்தப் பூவோட சொந்த ஊரே இதுதான், அதனால என்கிட்ட கேக்குறவங்களும் ஜாஸ்தி. கேக்குற கேள்வி எதுவா இருந்தாலும் நான் முதல்ல திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: எந்த எக்கினேசியா, வேரா இலையா? அதைக் கேக்காம பேசுறதாலதான் பாதிக் குழப்பம்.

இது என்ன வகைச் செடி?

சூரியகாந்தி குடும்பம். நம்ம சாமந்தி, கரிசலாங்கண்ணி, அப்புறம் ஊரெல்லாம் பரவிக் கிடக்குற பார்த்தீனியம், எல்லாம் இதே குடும்பம்தான் (பார்த்தீனியம் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ ரெண்டு இடத்துல வரும்). இயற்கையா வளர்றது வட அமெரிக்காவுல மட்டும்தான். ஒன்பது பத்து இனம் இருக்கு. ஒரு நேரான தண்டு, உச்சியில ஒரே ஒரு பூ, இளஞ்சிவப்பு இதழெல்லாம் கீழ்ப் பக்கமா தொங்கும், நடுவுல ஆரஞ்சும் கரும்பழுப்பும் கலந்த மேடு மாதிரி ஒண்ணு நிமிர்ந்து நிக்கும். அந்த மேட்டைத் தொட்டுப் பாருங்க, விரல்ல குத்தும்.

மருந்துக்கு எது பயன்படுது? எல்லாமே ஒண்ணுதானா?

இல்லவே இல்ல. மூணு இனம்தான் மருந்துக்கு வருது.

அங்குஸ்டிஃபோலியாங்கிறது குட்டைச் செடி, முழங்கால் உயரம், கொஞ்சம் கூட இருக்கலாம். இலை ஒடுக்கமா சொரசொரன்னு முடியோட இருக்கும். ஆணிவேர் நேரா கீழ இறங்கிப் போகும், ஆள் உயரத்துக்கு மேலயும் போகும், அதனாலதான் மழையே இல்லாத வருஷத்துலயும் பூக்குது. கனடாவுல சஸ்காட்செவன், மானிடோபாவுல ஆரம்பிச்சு டெக்சாஸ் வரைக்கும் வறண்ட புல்வெளி (இதைத்தான் ப்ரெய்ரின்னு சொல்லுவாங்க) எல்லாம் இதோட இடம். பாலிடா இன்னும் உயரம், இதழ் நீளமா வெளிறிப்போய் ரிப்பன் மாதிரி தொங்கும். இது ரெண்டும் பக்கத்து பக்கத்துல நின்னா மகரந்தத்தைப் பாருங்க, அங்குஸ்டிஃபோலியாவுக்கு மஞ்சள், பாலிடாவுக்கு வெள்ளை. மூணாவது பர்ப்யூரியா. இதுக்கு இலை அகலம், ஆணிவேர் கிடையாது, கொத்தா நார் வேர்தான், கொஞ்சம் ஈரமான இடத்துலயும் காட்டு ஓரத்துலயும் வளரும். நர்சரியில வாங்கி வீட்டு முன்னாடி வைக்கிறது பெரும்பாலும் இதுதான்.

உள்ள இருக்குற சரக்கும் வேற வேற. எக்கினக்கோசைடுன்னு ஒரு பொருள் அங்குஸ்டிஃபோலியா வேருலயும் பாலிடா வேருலயும் இருக்கு, பர்ப்யூரியாவுல இல்ல. பர்ப்யூரியாவுல சிக்கோரிக் அமிலம் ஜாஸ்தி. அப்போ ஒண்ணை வச்சு செஞ்ச ஆராய்ச்சியை இன்னொண்ணு டப்பா மேல ஒட்டி விக்கிறது நியாயமான்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

ப்ரெய்ரின்னு சொல்றீங்களே, அது வெறும் புல்லுதானே?

பார்க்க அப்படித்தான் தெரியும், இறங்கி நடந்தா தெரியாது. உயரப் புல் ப்ரெய்ரி ஒரு காலத்துல கனடா எல்லையில இருந்து டெக்சாஸ் வரைக்கும் இருந்துச்சு, இன்னைக்கு மிஞ்சி இருக்குறது 4 சதவீதத்துக்கும் கம்மி, மீதி எல்லாம் உழுது மக்காச்சோளமும் சோயாவும் போட்டாச்சு. மிஞ்சினதுல பெரிய பங்கு கான்சாஸ்ல ஃப்ளின்ட் ஹில்ஸ்ங்கிற மேட்டு நிலத்துல இருக்கு. அங்க ஏன் தப்பிச்சுதுன்னா மண்ணுக்கு கொஞ்சம் கீழயே சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும், ஏர் இறங்காது, அதனால மாடு மேயவிட்டுட்டாங்க. 1996-ல அங்க ஒரு பகுதியை தேசியப் பாதுகாப்பு நிலமா அறிவிச்சாங்க, ஜூன் மாசம் போனா இந்தப் பூவை அதோட சொந்த இடத்துலயே பார்க்கலாம்.

பூவை கிட்ட போய்ப் பார்த்தா என்ன தெரியும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இதுதான். நாம ஒரு பூன்னு சொல்றது உண்மையில நூத்துக்கணக்கான சின்னச் சின்னப் பூவோட கூட்டம். தொங்குற இளஞ்சிவப்பு இதழ்ல விதை பிடிக்காது, அது பூச்சியைக் கூப்பிடத்தான். விதை பிடிக்கிறது நடுவுல இருக்குற குட்டிப் பூக்கள்ல. அது ஒரேயடியா மலராது, கீழ் வட்டத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு நாளும் ஒரு வரிசை மேல ஏறும். காலையில பார்த்தீங்கன்னா அன்னைக்கு மலர்ந்த வரிசை மஞ்சள் மகரந்தத்தோட வட்டமா நிக்கும், மறுநாள் அதே வரிசையில சூல்தண்டு (மகரந்தத்தை வாங்கிக்கிற மெல்லிசான தண்டு) வெளிய வந்து ரெண்டா பிரிஞ்சு நிக்கும்.

இனிமேதான் முக்கியமான விஷயம். இந்தச் செடி தன்னோட மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது, நெருங்கின சொந்தத்தோடதையும் பெரும்பாலும் ஏத்துக்காது, தூரத்து உறவா ஒரு செடியோட மகரந்தம் வரணும், அதைக் கொண்டுவர்றது மண்ணுல தனித்தனியா குழி பறிச்சு வாழுற சின்ன வகைத் தேனீங்க. சரியான மகரந்தம் வந்து சேர்ந்துச்சுன்னா அந்தச் சூல்தண்டு ஒரு நாளைக்குள்ள சுருங்கிடும். வரலைன்னா சுருங்காம காத்துட்டு நிக்கும், ஒரு வாரத்துக்கு மேலயும். அதனால ஒரு பூவுல எத்தனை வரிசை சூல்தண்டு இன்னும் சுருங்காம நிக்குதுன்னு பார்த்தாலே அந்தச் செடிக்குத் துணை கிடைச்சுதா இல்லையான்னு கண்ணாலயே சொல்லிடலாம். ரோட்டோரத்துல நாலஞ்சு செடி மட்டும் தனியா மிஞ்சி நிக்குற இடத்துல பார்த்தா வரிசை வரிசையா காத்துட்டு நிக்கும், பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

மினசோட்டா மாநிலத்தோட மேற்குப் பகுதியில சிகாகோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் வேகேனியஸ் 1990-கள்ல இருந்து இதைத்தான் ஒவ்வொரு செடியா அடையாளம் வச்சு கணக்கெடுத்துட்டு வர்றார். அவங்க குழு கண்டுபிடிச்சதுல ஒண்ணு, புல்வெளியைத் தீ வச்சு எரிச்சதுக்கு அடுத்த கோடையில செடிங்க எல்லாம் ஒரே நேரத்துல அதிகமா பூக்குது, அதனால துணையும் கிடைக்குது, விதையும் நிறைய பிடிக்குது. அந்தக் காலத்துல மின்னலும் பழங்குடி மக்களும் வச்ச தீ இந்தப் புல்வெளியை அழிக்கல, அதுதான் காப்பாத்துச்சு.

இதை முதல்ல மருந்தா பயன்படுத்தினது யாரு?

லகோட்டா, சையன், பானி, ஓமஹா, கயோவா, கமாஞ்சின்னு அந்தப் பெருஞ்சமவெளியில வாழ்ந்த, இன்னைக்கும் வாழுற பழங்குடி மக்கள். பல்வலின்னா வேரை ஒரு துண்டு மென்னு வலிக்குற பல்லுக்குக் கீழ அடக்கிக்குவாங்க, தொண்டை வலிக்கும் அதேதான். எச்சில் ஊறும்ங்கிறதால தாகத்துக்கும் மெல்லுவாங்க. பூச்சிக்கடி, பாம்புக்கடின்னா வேரை நசுக்கி வச்சுக் கட்டுவாங்க. 1919-ல மெல்வின் கில்மோர்ங்கிற ஆய்வாளர் மிசௌரி ஆத்துப் பகுதி மக்களோட தாவர அறிவைப் பதிவு பண்ணப்போ, வேற எந்தச் செடியை விடவும் இதைத்தான் அதிக நோய்க்குப் பயன்படுத்துறாங்கங்கிற அளவுக்கு எழுதி வச்சிருக்கார். காய்ஞ்ச பூ மேட்டை முள்ளோட சீப்பா வச்சு தலை சீவியிருக்காங்க, அதுவும் அதே பதிவுல இருக்கு.

இதைச் சொல்லாம எக்கினேசியா வரலாறை ஜெர்மனியில இருந்து ஆரம்பிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது. அந்த மக்கள்கிட்ட இருந்து நிலத்தைப் பிடுங்கின அதே வருஷங்கள்லதான் இந்த அறிவும் கடைச் சரக்கா மாறுச்சு.

கடைக்கு எப்படி வந்துச்சு?

நெப்ராஸ்காவுல பானி சிட்டின்னு ஒரு ஊரு. அங்க ஹெச்.சி.எஃப். மேயர்னு ஒரு மருந்து வியாபாரி, உள்ளூர் மக்கள்கிட்ட தெரிஞ்சுகிட்ட இந்த வேரை வச்சு ரத்தசுத்தி டானிக்னு 1870-கள்ல இருந்து வித்துட்டு இருந்தார். சின்சினாட்டியில ஜான் கிங்னு டாக்டர், ஜான் யூரி லாய்ட்னு மருந்து தயாரிப்பாளர், ரெண்டு பேரும் பெரிய பேரு. மேயர் அவங்களுக்கு எழுதி, வேணும்னா உங்க முன்னாடியே ராட்டில் பாம்பைக் கடிக்கவிட்டு இந்த மருந்தால பிழைச்சுக் காட்டுறேன்னு சொன்னார், அவங்க வேண்டாம்னுட்டாங்க. ஆனாலும் வேரை வாங்கிச் சோதிச்சுப் பார்த்து 1887-ல கிங் அதைப் பத்தி எழுதினார். அதுக்கப்புறம் லாய்ட் சகோதரர்கள் கம்பெனி தயாரிக்க ஆரம்பிச்சு, 1920-கள் வரைக்கும் அமெரிக்காவுல ரொம்ப விலைபோன மூலிகை மருந்துகள்ல ஒண்ணா இருந்துச்சு. ஆன்டிபயாட்டிக் வந்ததும் அமெரிக்காவுல இதோட மவுசு போயிடுச்சு.

ஜெர்மனி எங்க இருந்து வந்துச்சு இதுல?

1930-கள் கடைசியில கெர்ஹார்ட் மடாவுஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் அமெரிக்கா வந்து விதை வாங்கிட்டுப் போனார். அவருக்கு வேணும்னு நினைச்சது அங்குஸ்டிஃபோலியா, கையில கிடைச்சது பர்ப்யூரியா. அதையே பயிர் பண்ணி, வேரை விட்டுட்டு பூக்குற நேரத்துல மேல் செடியைப் பிழிஞ்சு சாறு எடுத்து மருந்தாக்கினார். ஐரோப்பாவுல பின்னாடி நடந்த ஆராய்ச்சியில பெரும்பங்கு அந்தச் சாறை வச்சு நடந்ததுதான். அதாவது பழங்குடி மக்கள் பயன்படுத்தினது ஒரு இனத்தோட வேர், ஐரோப்பா ஆராய்ச்சி பண்ணது இன்னொரு இனத்தோட இலைச்சாறு, கடை டப்பாவுல ரெண்டு பெருமையையும் சேர்த்து எழுதிடுறாங்க.

பாம்புக்கடிக்கு உண்மையாவே வேலை செய்யுமா?

செய்யும்னு நம்பி ஒரு நிமிஷம் கூட வீணாக்காதீங்க. விஷமுறிவு ஊசி இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போங்க, கடிச்ச இடத்தை அசைக்காம போங்க. அந்தக் காலத்துல வேற வழியில்லாதப்போ பயன்படுத்தினாங்க, இன்னைக்கு வழி இருக்கு.

சரி, சளிக்காவது கேக்குமா?

நேர்மையா சொன்னா, கேட்டாலும் கொஞ்சம்தான் கேக்கும். 2005-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல ஆரோக்கியமான ஆளுங்களுக்கு சளி வைரஸை மூக்குல விட்டு அங்குஸ்டிஃபோலியா வேர்ச் சாரம் குடுத்துப் பார்த்தாங்க, 399 பேருல எந்தப் பலனும் தெரியல. குடுத்த அளவு கம்மின்னு மூலிகைக்காரங்க சண்டை போட்டாங்க, அதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு. 2010-ல விஸ்கான்சின்ல 719 பேரை வச்சு பர்ப்யூரியா, அங்குஸ்டிஃபோலியா ரெண்டு வேரும் கலந்த மாத்திரையைச் சோதிச்சாங்க, எல்லாருக்கும் அந்த மாத்திரை குடுக்கல. குடுத்தவங்களுக்கு சளி சராசரியா அரை நாள் முன்னாடி சரியாச்சு, ஆனா அந்த வித்தியாசம் தற்செயலாவும் வந்திருக்கலாம்ங்கிற அளவுக்குத்தான் இருந்துச்சு. 2014-ல, மருத்துவ ஆய்வுகளை ஒண்ணு சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்பு 24 ஆய்வு, 4,631 பேரோட தரவை மொத்தமா அலசுச்சு. வந்த சளியைக் குணப்படுத்துதுன்னு தெளிவா சொல்ல முடியல, வராம தடுக்குறதுல சின்னதா ஒரு பலன் இருக்கலாம்னு முடிச்சாங்க. அவங்களே சொன்ன பெரிய சிக்கல் என்னன்னா ஒவ்வொரு ஆய்வுலயும் வேற இனம், வேற பாகம், வேற தயாரிப்பு, எல்லாத்தையும் ஒரே தட்டுல வச்சு எடை போட முடியல.

என் கருத்து: வளர்ந்தவங்க, வேற நோய் இல்லாதவங்க, சளி ஆரம்பிக்கும்போது சில நாள் எடுத்தா தப்பில்ல, அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. சுக்குக் கஷாயத்தை நிறுத்திட்டு இதுக்குக் காசு செலவு பண்ணணும்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வேரை மென்னா நாக்கு மரத்துப்போகுதே, பயப்படணுமா?

வேண்டாம், நல்ல வேருக்கு அதுதான் அடையாளம். வாயில போட்டதும் லேசா இனிப்பா இருக்கும், அப்புறம் மெதுவா நாக்கு நுனியில சுருசுருன்னு ஏறி, எச்சில் ஊத்தா ஊறி, கொஞ்ச நேரம் மரத்துப் போயிருக்கும். வேர் வாங்குற வியாபாரிங்க மென்னு பார்த்துத்தான் தரம் சொல்லுவாங்க. காரணம் ஆல்கமைடுங்கிற பொருள். நம்ம நாட்டு மருந்துக் கடையில பல்வலிக்குத் தர்ற அக்கரகாரம் வேருலயும் இதே வகைப் பொருள்தான் இருக்கு, அதுவும் இதே சூரியகாந்தி குடும்பம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இருக்காத ரெண்டு கண்டத்து மக்கள் ஒரே குடும்பத்து வேரை ஒரே பல்வலிக்கு எடுத்திருக்காங்கன்னு நினைக்கும்போது எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். ஆனா டப்பாவுல இருக்குறது வாயில சுருசுருன்னு ஏறவே இல்லைன்னா, வேர் பழசா இருக்கலாம், இல்ல வேற பாகமா இருக்கலாம்.

யாரு எடுக்கவே கூடாது?

பார்த்தீனியம், சாமந்தி, ராக்வீடு (அமெரிக்காவுல வளர்ற ஒரு களைச்செடி) பட்டா உடம்பு தடிக்கிறவங்க, மூச்சு வாங்குறவங்க கிட்டவே போகாதீங்க, ஒரே குடும்பம்ங்கிறதால இதுவும் சேராம போகலாம். தமிழ்நாட்டுல பார்த்தீனியம் ஒவ்வாமை எவ்வளவு பேருக்கு இருக்குன்னு நமக்கே தெரியும். குழந்தைங்களுக்கு வேண்டாம்: 2012-ல பிரிட்டன் மருந்து ஆணையம் 12 வயசுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு வாய்வழியா குடுக்காதீங்கன்னு சொல்லியாச்சு, அமெரிக்காவுல குழந்தைங்களை வச்சு செஞ்ச ஆய்வுலயும் இதைக் குடிச்ச பிள்ளைங்களுக்கு தோல்ல தடிப்பு அதிகமா வந்துச்சு, சளியும் குறையல. முடக்குவாதம், லூபஸ் மாதிரி எதிர்ப்பு சக்தியே நம்ம உடம்பைத் தாக்குற நோய் இருக்குறவங்க, கிட்னி மாத்தி வச்சு எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை சாப்பிடுறவங்க, டிபி, எச்ஐவி இருக்குறவங்க எடுக்க வேண்டாம்னு ஐரோப்பிய மருந்து ஆணையத்தோட வழிகாட்டுதலே சொல்லுது. கர்ப்பமா இருந்தா டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

ஊருல அம்மாவுக்கு அடிக்கடி சளி பிடிக்குது, ரெண்டு டப்பா அனுப்பலாமா?

அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு முதல்ல கேளுங்க, அவங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அடிக்கடி சளின்னா ஆஸ்துமாவா, ஒவ்வாமையா, நெஞ்சுல வேற ஏதாவதான்னு பார்க்கிறதுதான் முதல் வேலை. டப்பா அனுப்பினா அந்தப் பரிசோதனை தள்ளிப் போயிடும், அதுதான் என் பயம்.

வாங்கும்போது லேபிள்ல என்ன பார்க்கணும்?

இனத்தோட முழுப் பேரு இருக்கா, வேரா மேல் செடியான்னு எழுதியிருக்கா, பயிர் பண்ணதுதானா. வெறும் எக்கினேசியான்னு மட்டும் போட்டிருந்தா வச்சுட்டு வந்துடுங்க. கலப்படமும் உண்டு. பர்ப்யூரியா வேருன்னு சொல்லி மிசௌரி பக்கம் வளர்ற பார்த்தீனியம் இண்டெக்ரிஃபோலியம் வேரைக் கலந்து வித்திருக்காங்க, பேரைப் பார்த்தாலே தெரியும், நம்ம பார்த்தீனியத்தோட நெருங்கின சொந்தம். வேரைப் பொடியாக்கிட்டா கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது, அதனால வெளி ஆய்வகத்துல சோதிச்சதுன்னு முத்திரை இருக்குறதா பாருங்க.

புல்வெளியில நிறைய நிக்குதே, நாமளே தோண்டிக்கலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். 1990-கள்ல விலை ஏறினப்போ கான்சாஸ், நார்த் டகோட்டா, மான்டானா பக்கம் ராத்திரியில வந்து மண்வெட்டியோட வேரைத் திருடிட்டுப் போனாங்க, அடுத்தவங்க நிலம், பழங்குடி மக்கள் நிலம்னு கூடப் பார்க்கல. அங்குஸ்டிஃபோலியா பூக்கவே சில வருஷம் ஆகும், மெதுவா வளர்ற செடி. கான்சாஸ் பல்கலைக்கழகத்துல கெல்லி கிண்ட்ஷர் தோண்டின குழிகளைத் திரும்பப் போய்ப் பார்த்துப் பதிவு பண்ணியிருக்கார், வேரோட அடித்துண்டு உள்ள இருந்ததால கிட்டத்தட்ட பாதி மறுபடி துளிர்த்துச்சு. நல்ல செய்திதான், ஆனா மீதிப் பாதி போனது போனதுதான், மேல சொன்ன மாதிரி துணைச்செடி குறையக் குறைய நிக்குற செடிக்கும் விதை பிடிக்காது.

அழிஞ்சு போற நிலைமையில ஏதாவது இனம் இருக்கா?

இருந்துச்சு, மீண்டும் வந்துச்சு. டென்னசி மாநிலத்துல நாஷ்வில் பக்கத்துல பாறை மேல மெல்லிசா மண்ணு இருக்குற திட்டுகள்ல மட்டும் வளர்ற ஒரு இனம், போயிடுச்சுன்னே நினைச்சுட்டாங்க, 1960-கள்ல திரும்பக் கண்டுபிடிச்சாங்க. 1979-ல அழியும் நிலைப் பட்டியல்ல சேர்த்து, நிலத்தை வாங்கிப் பாதுகாத்து, விதை போட்டுப் பெருக்கி, 2011-ல பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. இதழ் தொங்காம லேசா மேல் பக்கம் வளைஞ்சு நிக்கும், அவ்வளவு அழகு.

வீட்டுத் தோட்டத்துல எப்படி வளர்க்குறது?

பர்ப்யூரியாவுல ஆரம்பிங்க, விதை சுலபமா முளைக்கும், நல்ல வெயில், தண்ணி தேங்காத மண்ணு போதும், உரம் போடாதீங்க, போட்டா தண்டு நீண்டு சாய்ஞ்சுடும். அங்குஸ்டிஃபோலியா வேணும்னா ஈர மணல்ல விதையைக் கலந்து ஃப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு மாசம் வைங்க, இல்ல இலையுதிர் காலத்துலயே மண்ணுல தூவிட்டு பனிகிட்ட விட்டுடுங்க. அடுக்கு இதழ் வச்ச கலப்பின வகைங்க பார்க்க நல்லா இருக்கும், ஆனா பலதுல தேனீக்கு மகரந்தம் கிடைக்காது, நான் வைக்கிறதில்ல.

திடீர்னு பூ பச்சையா, கோணல் மாணலா, பூவுக்கு உள்ள இருந்து குட்டி இலை முளைச்சா அது ஆஸ்டர் யெல்லோஸ் நோய். கத்தரிச் செடியில சிற்றிலை நோய் பார்த்திருப்பீங்க, அதே மாதிரி ஃபைட்டோபிளாஸ்மா வகைக் கிருமி, தத்துப்பூச்சி பரப்பும், மருந்து கிடையாது, செடியை வேரோட பிடுங்கிக் குப்பையில போட்டுடுங்க.

தமிழ்நாட்டுல வருமா?

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிரு இருக்குற இடத்துல பர்ப்யூரியா முயற்சி பண்ணலாம். சமவெளியில குளிர்கால ஓய்வு கிடைக்காது, மழைக்காலத்துல ஈரம் நின்னா அடி அழுகும், நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

பூ முடிஞ்சதும் வெட்டிடணுமா?

வெட்டாதீங்க, அப்படியே விடுங்க. ஆகஸ்ட் கடைசியில இருந்து கோல்ட்ஃபின்ச் குருவிங்க வந்து அந்த முள் மேட்டு மேலயே உக்காந்து விதையைக் கொத்தித் தின்னும். உங்களுக்கு விதை வேணும்னா மேடு நல்லா கருத்துக் காய்ஞ்சதும் கையுறை போட்டுக்கிட்டு கசக்குங்க, வெளிர் நிறத்துல நாலு பட்டையா இருக்குறதுதான் விதை. நகத்தால அழுத்திப் பாருங்க, உறுதியா இருந்தா உள்ள பருப்பு இருக்கு, சப்பையா அமுங்கினா அது மகரந்தம் சேராத பதர். ஒரே ஒரு செடி மட்டும் வச்சிருக்குறவங்களுக்கு பெரும்பாலும் பதர்தான் வரும், அதனால வாங்கும்போதே விதையில இருந்து வளர்ந்த வேற வேற செடியா நாலஞ்சு வாங்கிப் பக்கத்து பக்கத்துல வைங்க.